இணைக்கு ஒரே படிவம்

மருந்துப் பெட்டிக்குள் எட்டு மடிப்பாக ஒரு மெல்லிய தாள் இருக்குமே, பெட்டியைத் திறந்ததும் நாம் முதல் வேலையாகத் தூக்கிப் போடுவது, அந்தத் தாளில் ஒரு பிழைகூட இருக்கக்கூடாது என்று இரண்டு பேர் மாங்கு மாங்கென்று உழைக்கிறார்கள். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பினாலும் வம்புதான். "சரி, அதைப் படிக்கிறவர் யார்?" என்று அடுத்த கேள்வி வரும்.

வேலை இதுதான். மருந்துக் கம்பெனி அனுப்பிய மூலத்தை ஒருவர் சத்தமாக வாசிப்பார், கமா, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாம் சேர்த்து. மற்றவர் அச்சுக்குப் போகவிருக்கும் தாளில் விரலை ஓட்டிக்கொண்டே கேட்பார். வரி ஒத்துப்போனால் "ம்" கொட்டுவார். ஒத்துப்போகாவிட்டால் "நில்லுங்க" என்பார். அந்த அச்சகத்தில் இப்படி ஆறு இணைகள். அதில் பத்து வருஷமாகப் பிழையே விடாத இணை என்று பேர் வாங்கியது ரேடியோ அக்காவும் மௌனச்சாமியும்.

பெயர்கள் அச்சகத்தில் வைத்தவை. ரேடியோ அக்கா வாசிப்பவள். ஐம்பதைத் தாண்டியவள். கணவர் கப்பலில் சமையல்காரர், வருஷத்தில் எட்டு மாதம் கடலில். மகன் கல்யாணமாகித் தனியாகப் போய்விட்டான். வீட்டில் அக்காவும் நான்கு சுவர்களும்தான். சுவர்கள் பதில் சொல்வதில்லை என்பதைத் தவிர அக்காவுக்கு அவற்றின்மேல் வேறு குறை கிடையாது.

மௌனச்சாமி கேட்பவள். அக்காவைவிடப் பத்து வயது சின்னவள். அவளைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்தவர்கள் உண்டு, கூச்சம் என்று நினைத்தவர்கள் உண்டு, வீட்டில் ஏதோ பிரச்சனை என்று கண்டுபிடித்தவர்களும் உண்டு. ஒன்றும் இல்லை. அவளுக்கு மனிதர்களைப் பிடிக்கும். ஆனால் மனிதர்களோடு இருந்தால் களைத்துப்போவாள். காலையில் ஒரு குடம் தண்ணீரோடு கிளம்புகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நல்லா இருக்கீங்களா?" என்று ஒருவர் கேட்டால் ஒரு குவளை போச்சு. "ஏன் இளைச்சுட்டீங்க?" என்றால் இரண்டு குவளை. கேக் வெட்டிக் கை தட்டச் சொன்னால் அரைக் குடம். மத்தியானத்துக்குமேல் குடத்தைக் கவிழ்த்துத் தட்டினாலும் சொட்டு வராது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மனிதர்கள் களைப்பூட்டுகிறார்கள் என்று மனிதர்களிடம் எப்படிச் சொல்வது?

அந்த வேலையில் ஒரு பழக்கம் உண்டு. அதன் பெயர் தூண்டில். மணிக்கணக்காக வரி வரியாகக் கேட்கிறவருக்குக் கண் தாளில் இருக்கும், மனசு எங்காவது கிளம்பிப் போய்விடும். அதனால் வாசிப்பவர் திடீரென்று இல்லாத ஒரு வரியைச் சேர்த்து வாசிப்பார். கேட்பவர் "ம்" கொட்டினால் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். மற்ற இணைகளில் எல்லாம் "ஒரு நாளைக்கு நூறு மாத்திரை" என்று சப்பையாகத் தூண்டில் போடுவார்கள். அக்காவின் தூண்டில் அப்படியில்லை. "சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை, கமா, சாப்பாட்டுக்குப் பின் ஒரு குட்டித் தூக்கம், முற்றுப்புள்ளி" என்பாள். மௌனச்சாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு "நில்லுங்க" என்பாள். கடைசி மூன்று வருஷத்தில் அவள் ஒரு தூண்டிலிலும் மாட்டியதில்லை.

அந்த மூன்று வருஷமும் வேலை வீட்டிலிருந்துதான். அச்சகத்தின் மேல்மாடிக் கூரை ஒழுகியது. பழுது பார்க்க மூன்று மாதம் ஆகும் என்று சொல்லித்தான் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டட வேலையில் மூன்று மாதம் என்றால் என்ன அர்த்தம் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். அக்கா தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து போனில் வாசிப்பாள், மௌனச்சாமி தன் வீட்டுச் சன்னலோரம் உட்கார்ந்து கேட்பாள். ஒரு குரல், ஒரு தாள், ஒரு சன்னல். இதற்குமேல் வேலையில் ஒரு மனுஷி என்ன கேட்க முடியும் என்று அவள் சொக்கிப்போயிருந்தாள்.

கூரை ஒரு வழியாக ஒழுகுவதை நிறுத்தியது. மேலாளர் எல்லோரையும் வரச்சொன்னார். நல்ல மனுஷன், ஆனால் எதையும் படிவமாக அடித்தால்தான் அவருக்கு நிம்மதி. ஆளுக்கு ஒன்று இல்லை, இணைக்கு ஒன்று என்று ஆறே ஆறு தாள்களை எடுத்து நீட்டினார்.

"ரெண்டே கட்டம்தான். வீடு, இல்லேன்னா அலுவலகம். ஒண்ணுல டிக் போட்டு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். ஒரு வாரம் எல்லாரும் இங்க வந்து வேலை செஞ்சு பாருங்க. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள படிவம் என் மேசைக்கு வந்துடணும்."

"ஒருத்தர் வீட்லயும் ஒருத்தர் இங்கயும் இருக்கலாமா சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

"வாசிக்கிற ரூம்ல ஆளுக்கு எதிர் நாற்காலி காலியா இருந்தா மேலிடம் பாத்துட்டு, நாற்காலியையே தூக்கிட்டுப் போயிடுவாங்க. இணை ஒரே இடத்துல இருக்கணும். ஒத்துவரலைன்னா பிரிச்சு வேற ஆளோட சேத்துடுவேன். வீடு கேக்கறவங்களுக்கு வீடு கேக்கற இணை, அலுவலகம் கேக்கறவங்களுக்கு அந்த மாதிரி இணை. யாருக்கும் மனஸ்தாபம் வேண்டாம்."

யாருக்கும் மனஸ்தாபம் வேண்டாம் என்று ஆரம்பிக்கிற எந்தத் திட்டம் மனஸ்தாபம் இல்லாமல் முடிந்திருக்கிறது?

ரேடியோ அக்காவுக்கு அந்த வாரம் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி. திங்கட்கிழமை எட்டரைக்கே வந்துவிட்டாள். வாசல் காவலாளியின் மகள் எந்த வகுப்பு, அச்சு இயந்திரக்காரரின் முழங்கால் எப்படி இருக்கிறது, கணக்குப்பிள்ளை ஏன் மீசையை எடுத்தார் என்று ஒரு சுற்று விசாரித்துவிட்டுத்தான் மாடி ஏறினாள். வாசிக்கும் அறையில் மௌனச்சாமி வந்து எதிரில் உட்கார்ந்ததும் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"மூணு வருஷமா உன் 'ம்'மை மட்டும் கேட்டுட்டு இருந்தேன் சாமி. இன்னைக்குத்தான் அதுக்கு ஒரு மூஞ்சி கெடச்சுது!"

மௌனச்சாமிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அக்காவின் கன்னத்தில் குழி விழும் என்பதையே அவள் மறந்திருந்தாள். வாசித்தபோது அந்தக் குழி தூண்டில் போடுவதற்கு ஒரு நொடி முன்னாலேயே வந்துவிட்டது. அதைப் பார்த்து அவள் முன்கூட்டியே சிரித்துவிட்டாள். "இது போங்கு" என்று அக்கா அன்று முழுவதும் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு வாசித்தாள்.

ஆனால் அறைக்கு வெளியே ஒரு உலகம் இருந்ததே. மூன்று வருஷம் வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்திருந்தது. நடைபாதையில் நான்கு பேர், தண்ணீர் பிடிக்கிற இடத்தில் மூன்று பேர், கழிப்பறை வாசலில்கூட இரண்டு பேர். எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் அன்பாகத்தான் கேட்டார்கள். அன்பானவர்களிடமிருந்து தப்பிப்பதுதான் கஷ்டம், கெட்டவர்கள் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம். செவ்வாய்க்கிழமை அவள் காகிதக் கிடங்கைக் கண்டுபிடித்தாள். ஆள் உயரக் காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வருவாள். மூன்றாம் தடவை அங்கேயும் ஒருவர் வந்து, "என்னம்மா, ஏதாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டு, கூடவே பத்து நிமிஷம் தேடியும் கொடுத்தார்.

புதன்கிழமை மத்தியானம் கணக்குப்பிள்ளைக்குப் பிறந்தநாள். கேக், கைதட்டல், பாட்டு, அப்புறம் ஆளாளுக்கு ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று மேலாளரின் ஆசை. மௌனச்சாமியும் ஒரு வார்த்தை பேசினாள். மீசை இல்லாமலும் நன்றாக இருக்கிறீர்கள் என்றாள். நேர்மையாகச் சொல்வதென்றால், நன்றாக இல்லை.

மூன்றரை மணிக்குக் குழந்தைகளுக்கான இருமல் மருந்துத் தாள் வந்தது. அக்கா வாசித்தாள். மௌனச்சாமியின் விரல் வரிமேல் ஓடியது. கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ பரவியிருந்தது. தலைக்குள் பாட்டும் கைதட்டலும் இன்னும் ஓயவில்லை.

"இந்த மருந்தை உட்கொண்டபின், கமா, மேலாளரை முதுகில் சுமந்துகொண்டு மூன்றாம் மாடி ஏறக்கூடாது, முற்றுப்புள்ளி."

"ம்."

அக்கா நிறுத்தினாள். காதில் விழுந்ததை நம்பாதவளாக இன்னொன்று போட்டாள். "ஏறினால், கமா, பாதியில் இறக்கிவிட்டு ஓய்வெடுக்கவும், முற்றுப்புள்ளி."

"ம்."

அக்கா தாளை மடியில் வைத்தாள். கன்னத்தில் குழி இல்லை.

"சாமி, நான் என்ன வாசிச்சேன்?"

மௌனச்சாமி திடுக்கிட்டுத் தாளைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பேயறைந்த மாதிரி இருந்தது. "மன்னிச்சிடுங்கக்கா. கொஞ்சம் களைப்பு."

"களைப்பா? உக்காந்துட்டுத்தானே இருக்க?" அக்காவின் குரல் தாழ்ந்தது. "மூணு வருஷம் போன்ல கேட்ட. ஒரு தடவகூட விடல. இப்ப எதிர்ல உக்காந்து வாசிக்கறேன், விட்டுட்ட. என் மூஞ்சியப் பாத்துட்டுக் கேக்கறதுக்கு அவ்ளோ அலுப்பா இருக்கா?"

இல்லை அக்கா, அலுப்பு உங்களால் இல்லை, மற்ற எல்லோராலும் என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொல்ல வார்த்தைகள் வேண்டுமே. அன்றைக்கு இருந்த கடைசி வார்த்தையும் கணக்குப்பிள்ளையின் மீசைக்குச் செலவாகியிருந்தது. "தெரியலக்கா" என்றாள். உலகத்திலேயே மோசமான பதிலைத் தேடித் தேடி எடுத்த மாதிரி இருந்தது அது.

வியாழக்கிழமை அக்கா வாசித்தாள். கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சரியாக இருந்தன. தூண்டில் மட்டும் இல்லை. ஒரு தாள் முடிந்ததும், "ஒரு தடவ சரி பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள். சொல்லுங்க! பத்து வருஷமாக 'டி' போட்டுப் பேசிய வாய். திட்டியிருந்தால்கூட மௌனச்சாமி தாங்கியிருப்பாள். அந்த 'ங்க' நெஞ்சில் நறுக்கென்று தைத்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் கணவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் பல் வைத்தியர். நாள் முழுக்க, வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் பேசிப் பேசி, பதில் வராததற்குப் பழகிப்போனவர். அந்த வீட்டில் சண்டை வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

"கூட்டத்துல இருந்தா உனக்குத் தாங்காதுன்னு அந்த அக்காவுக்குத் தெரியுமா?"

"எப்படிங்க சொல்றது? அவங்களுக்கு ஆள்னா உசுரு."

"எங்கிட்டயும் வந்து கம்முனு உக்காருவாங்க. கன்னம் வீங்கியிருக்கும், ஒண்ணுமில்ல டாக்டர்னு சொல்லுவாங்க. எந்தப் பல்லுன்னு சொன்னாத்தானேம்மா நான் பாக்க முடியும்?"

அவள் பதில் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை, அவருக்குத்தான் பழக்கமாயிற்றே.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் அவர்களுடைய படிவம் இல்லை. அதற்குப் பதில் அக்கா கைப்பட எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. என் குரல் அவளுக்குச் சலித்துவிட்டது, அவளைக் கட்டாயப்படுத்தி எதிரில் உட்காரவைக்க எனக்கு மனமில்லை, எங்களைப் பிரித்துவிடவும் என்று மூன்றே வரி. கமா, முற்றுப்புள்ளி எல்லாம் இருந்தன.

"நல்லதாப் போச்சும்மா," என்றார் மேலாளர், உண்மையாகவே மலர்ந்த முகத்தோடு. "அவங்களுக்கு அலுவலகம், உங்களுக்கு வீடு. ரெண்டாவது இணையில ஒருத்தர் வாசிக்கறாரு பாருங்க, அவரோட உங்களச் சேத்துடறேன். அவரும் வீடுதான் கேக்கறாரு. ரொம்ப அமைதியான ஆளு, தேவையில்லாம ஒரு வார்த்தை பேசமாட்டாரு. உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி!"

நினைத்தது நினைத்தபடி கிடைத்துவிட்டது. வீடு, சன்னல், தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசாத குரல். மௌனச்சாமி படியிறங்கும்போது சந்தோஷப்பட முயன்று பார்த்தாள். வரவில்லை. தேவையில்லாத வார்த்தை ஒன்றுமே இல்லாமல் இருமல் மருந்துத் தாளை முழுசாகக் கேட்பதை நினைத்தாள். மூன்று வருஷமாக வீடு இனித்தது வீட்டினால் என்று நினைத்திருந்தாளே, எத்தனை பெரிய முட்டாள்! அந்த வீட்டுக்குள் ஒரு குரல் இருந்தது. அது இல்லாவிட்டால் அதுவும் நான்கு சுவர்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மணி நாலு. டீ நேரம். டீ அறையில் முப்பது பேர். அவள் அந்த வாரம் முழுக்க அந்தக் கதவைத் தாண்டும்போது சுவரோரமாக நடந்தவள். உள்ளே நடுநாயகமாக அக்கா உட்கார்ந்து, கப்பலில் ஒருநாள் உப்புத் தீர்ந்துபோனபோது தன் கணவர் என்ன செய்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வாய் சொல்லிக்கொண்டிருந்ததே தவிர முகத்தில் அந்தக் கதை இல்லை. மௌனச்சாமி கதவைத் தள்ளிக்கொண்டு நேரே போய் எதிரில் நின்றாள்.

"அக்கா!"

கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர்களுக்குக் குரலின் அளவு பிடிபடாது. அது கத்தலாக வந்தது. முப்பது டீக் கோப்பைகளும் அந்தரத்தில் நின்றன.

"எனக்கு மனுஷங்களோட இருந்தா களைப்பாயிடும்," என்றாள் அவள். "எல்லாரும் நல்லவங்கதான். ஆனா காலைலேருந்து பேசிப் பேசி மூணு மணிக்கெல்லாம் எனக்கு ஒண்ணுமே காதுல ஏறாது. சின்ன வயசுலேருந்தே இப்படித்தான். உங்களோட மட்டும்தான் அப்படி ஆனதில்ல. பத்து வருஷத்துல உங்கள நான் ஒரு மனுஷியாவே நெனச்சதில்லக்கா!"

கணக்குப்பிள்ளை இல்லாத மீசையைத் தடவினார். தான் சொன்னது என்ன என்று மௌனச்சாமிக்குப் புரிந்தபோது காலம் கடந்திருந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று, இனி சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன என்று மேலே போனாள்.

"அந்த அர்த்தத்துல இல்ல. மத்தவங்க எதிர்ல நான் இருக்கறேன்னு எனக்கு ஞாபகம் இருந்துட்டே இருக்கும். உங்க எதிர்ல அது இருக்காது. புதன்கிழமை உங்க குரல் கேக்காததுக்குக் காரணம் நீங்க இல்ல, கேக்கு. எனக்கு அந்த அமைதியான ஆள் வேண்டாம். உங்களுக்கு அலுவலகம்தான் வேணும்னா நான் தினமும் இங்கயே வரேன். மூணு மணிக்குமேல எங்கூட யாரும் பேசாம இருந்தா போதும்."

அக்கா எழுந்து நின்றாள். அவள் பேசத் தொடங்க அத்தனை நேரம் ஆனதை அங்கிருந்த யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

"ஏன்டி, எனக்குக் கூட்டம் வேணும்னு உங்கிட்ட யாரு சொன்னா?"

"நீங்கதான் எட்டரைக்கே வந்து..."

"காலைல எழுந்ததுலேருந்து ராத்திரி படுக்கற வரைக்கும் ஒரு மூஞ்சியப் பாக்காம இருந்து பாரு, அப்புறம் தெரியும். காவலாளிகிட்ட பேசறேன், மெஷின்காரர்கிட்ட பேசறேன், யாரு கெடச்சாலும் பேசறேன். பசிச்சவ எது கெடச்சாலும் தின்னுவாடி. எனக்கு முப்பது பேர் எதுக்கு? எதிர்ல ஒருத்தி போதும். ஆனா அந்த ஒருத்தியாவது வேணும்." அவள் குரல் உடைந்தது. "போனை வெச்சதும் வீடு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது."

மௌனச்சாமிக்கு உண்மையிலேயே தெரியாது. மூன்று வருஷம் போனை வைத்ததும் அவள் வீடு அமிர்தமாக இருந்தது. அதே நொடியில் இன்னொரு வீடு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்காததற்கு இப்போது வெட்கமாக இருந்தது.

அவள் வீட்டுக்குள் யாரும் சட்டென்று வந்துவிட முடியாது. கூடப் பிறந்த தங்கையே மூன்று நாள் முன்னதாகச் சொல்லிவிட்டுத்தான் வருவாள். ஆனாலும் சொன்னாள்.

"அப்ப எங்க வீட்டுக்கு வாங்க. தினமும். சன்னல் பக்கத்துல இன்னொரு நாற்காலி போடலாம்."

டீ அறை வாசலில் நின்றிருந்த மேலாளர் சட்டைப்பையிலிருந்து, அக்கா கடிதத்தோடு திருப்பிக் கொடுத்திருந்த வெற்றுப் படிவத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். வீடு என்று கட்டம் இருந்தது. யார் வீடு என்று கேட்கக் கட்டம் இல்லை. "இணை ஒரே இடத்துல இருந்தா எனக்குப் போதும்பா," என்றார். அடுத்த தடவை அந்தக் கட்டத்தையும் சேர்க்க வேண்டும் என்று அவர் மனசுக்குள் குறித்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது.

"நான் வந்து உக்காந்தா உனக்குக் களைப்பாகாதா?" என்று அக்கா கேட்டாள்.

"ஆகாதுன்னு பொய் சொல்லமாட்டேன். வாசிக்கறப்ப ஆகாது. வாசிச்சு முடிச்சதுக்கப்புறமும் உக்காந்திருந்தா ஆகும். நாலு மணிக்கு மேல என்னால முடியாது."

"நாலரை."

"நாலு."

"பஸ்ஸு நாலரைக்குத்தான்டி."

"பஸ் ஸ்டாப்ல ஆளுங்க இருப்பாங்க, பேசிட்டு இருங்க."

முப்பது பேரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. விரலை நீட்டி, "சரி, நாலு. ஆனா ஒண்ணு. நாலு மணி ஆச்சுன்னா நீ வாயத் தொறந்து சொல்லணும். மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு, தெரியலக்கான்னு சொன்ன, அவ்ளோதான்" என்றாள். நாலே முக்காலுக்குப் படிவத்தில் இரண்டு கையெழுத்தும் விழுந்தன.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அக்கா வந்தாள். வரும் வழியில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் குடும்பக் கதை முழுவதையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். அதில் பாதியைச் சொன்னதும் மௌனச்சாமி தாளை எடுத்து மேசையில் வைத்தாள். ஆறு தாள்கள் முடிந்தன. திருத்தங்களை எழுதி அனுப்புவது மட்டும் பாக்கி, அது கேட்பவரின் தனி வேலை. அக்கா சன்னலோரம் காலை நீட்டிக்கொண்டு, கப்பலிலிருந்து கணவர் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்தாள்.

மணி நாலடித்தது. அக்காவின் பேச்சு நிற்கவில்லை. மௌனச்சாமி தாள்களை அடுக்கி வைத்தாள். வந்தவர்களை எழுந்து போகச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. எத்தனை பேர் முன்னால் எத்தனை சாயங்காலம் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து செத்திருக்கிறாள்! படத்தைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், அக்காவின் முகத்தைப் பார்த்தாள். இது வாடிப்போனால் எப்படித் தாங்குவது என்று பயமாக இருந்தது.

"அக்கா," என்றாள். "எனக்குப் போதும். நீங்க போயிட்டு வாங்க."

அக்கா சட்டென்று போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டே, "நாளைக்கு ஒம்போது மணிக்கு வந்துடுவேன், மீதிப் படம் அப்ப பாக்கலாம்" என்று கை ஆட்டிவிட்டுச் சந்தோஷமாகப் படியிறங்கிப் போனாள்.